முதல் ஆய்வுக் கட்டுரையை இதழுக்கு அனுப்பப் போகிறீர்களா? பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்

ஒரு நாள் மாலை நாலு மணிக்கு என் முதல் கட்டுரையை அனுப்பினேன். ஆறு நாற்பதுக்கு ஏற்புக் கடிதம் வந்துவிட்டது. வட்ட முத்திரை, நீல மையில் கையெழுத்து, என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை, கடைசி வரியில் 14,000 ரூபாய் அனுப்ப ஒரு ஜி-பே எண். இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்குள் இரண்டு மதிப்பாய்வாளர்கள் படித்து முடித்துவிட்டார்களாம். இருவரும் எழுதியிருந்தது ஒரே வரி: 'நல்ல பேப்பர், ஏற்கலாம்.' சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

அது ஓர் அசல் இதழின் பெயரையும் ஐ.எஸ்.எஸ்.என். என்ற அடையாள எண்ணையும் திருடி நடத்தப்பட்ட போலித் தளம். ஒரு மாவட்டத்தில் 40 கிணறுகளில் தண்ணீர் எடுத்துச் சோதித்த வேலை அதில் போய் மாட்டிக்கொண்டது. அதிலிருந்து வெளியே வர ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடத்தில் கற்றதைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். அறிவியல், பொறியியல் ஸ்காலர்களை மனதில் வைத்து எழுதியது; மற்ற துறையினருக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. முதலில் உங்கள் பல்கலைக்கழக விதியைப் படியுங்கள்

யு.ஜி.சி.யின் 2022 பிஎச்.டி. விதிமுறை, தீசிஸ் கொடுக்குமுன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற பழைய கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் அதை வைத்துக்கொள்ளலாம், பல வைத்திருக்கின்றன. அதனால் நீங்கள் பதிவு செய்த ஆண்டுக்கான விதிப் புத்தகத்தை எடுங்கள். எத்தனை கட்டுரை, எந்தத் தரவுத்தளத்தில் இருக்கும் இதழ், 'ஏற்கப்பட்டது' போதுமா, 'வெளியானது' வேண்டுமா என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சீனியர் சொன்னதை நம்ப வேண்டாம். அவருக்குப் பொருந்திய விதி வேறாக இருக்கலாம்.

இன்னொன்று. நம்பத்தகுந்த இதழ்கள் என்று யு.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியல் இப்போது இல்லை. அதைக் கைவிட்டதாக 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி.யே அறிவித்தது, இதழைத் தேர்ந்தெடுக்கச் சில அளவுகோல்களை மட்டும் கொடுத்து, மீதியைக் கல்வி நிறுவனங்களிடம் விட்டுவிட்டது. அதற்குப் பிறகும் 'கேர் குரூப் 2, பத்து நாளில் கியாரண்டி' என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. அப்படி ஒன்று வந்தால், அனுப்பியவரைப் பற்றி அதற்கு மேல் விசாரிக்க வேண்டியதில்லை.

2. யார் யார் பெயர், எந்த வரிசை: எழுத ஆரம்பிக்குமுன் முடிவு செய்யுங்கள்

இதைத்தான் எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறோம். கட்டுரை முடிந்து அனுப்பப்போகும் நாளில் துறைத்தலைவர் பெயர், கைடின் நண்பர் பெயர், கருவி இருக்கும் லேபின் பொறுப்பாளர் பெயர் என்று ஒவ்வொன்றாக ஏறும். யாரும் கெட்டவர்கள் இல்லை. 'ஒரு பேர் போட்டா என்னம்மா குறைஞ்சிடப் போகுது?' என்ற பழக்கம்.

மருத்துவ இதழ் எடிட்டர்களின் சர்வதேசக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளைத்தான் இன்று பிற துறை இதழ்கள் பலவும் பின்பற்றுகின்றன. ஆய்வைத் திட்டமிட்டதில், தரவு சேகரித்ததில் அல்லது அதை அலசியதில் குறிப்பிடத்தக்க பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும் அல்லது அதைக் கருத்தளவில் திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்தைப் படித்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். நாளை கேள்வி வந்தால் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்து இருந்தால்தான் அவர் கட்டுரையாளர். பணம் ஏற்பாடு செய்தவர், கருவியை இயக்கித் தந்தவர், ஆங்கிலம் திருத்தியவர் எல்லோருக்கும் நன்றிப் பகுதியில் இடம் உண்டு.

என் விஷயத்தில் சிக்கல் வந்தது வரைபடத்தில். ஒரு நண்பன் கிணறுகளின் இருப்பிடங்களை வைத்து ஜி.ஐ.எஸ். என்ற வரைபட மென்பொருளில் அழகான படம் போட்டுக் கொடுத்தான். படம் மட்டும் என்றால் நன்றி போதும். ஆனால் எந்தக் கிணறுகள் ஒரே நீர்த்தாங்கியில் வருகின்றன என்று பிரித்ததும் அவன்தான்; முடிவுகள் பகுதியின் பாதி அதன் மேல்தான் நிற்கிறது. எழுதும்போதும் கூட இருந்தான். அவன் பெயர் மூன்றாவதாக வந்தது. துறையில் வேறொருவர் பெயர் வராமல் போனது. அது எனக்கு இன்னும் கொஞ்சம் சங்கடம்தான்.

கைடிடம் எப்படிக் கேட்பது? நேரில், நல்ல மனநிலையில் இருக்கும்போது: 'சார், இந்தப் பேப்பர்ல யார் யார் பேர், எந்த வரிசைன்னு இப்பவே எழுதி வச்சுக்கலாமா? ஜர்னல்ல ஒவ்வொருத்தர் பங்கும் தனித்தனியா கேக்கறாங்க சார்.' இது பொய்யும் இல்லை. கிரெடிட் என்ற 14 வகைப் பங்களிப்புப் பட்டியலைப் பல இதழ்கள் கேட்கின்றன; யார் திட்டமிட்டார், யார் தரவு எடுத்தார், யார் எழுதினார் என்று பெயர் போட்டு நிரப்ப வேண்டும். 'அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா' என்று பதில் வந்தால், அன்றே ஒரு மெயில் அனுப்பி வையுங்கள்: 'நாம் பேசியபடி இப்போதைக்கு இந்த வரிசையில் எழுதுகிறேன், மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்.' தேதியோடு ஓர் எழுத்து ஆதாரம் இருக்கட்டும்.

அனுப்பிய பிறகு பெயர் சேர்ப்பதும் நீக்குவதும் பெரும் தலைவலி. எல்லோரும் கையெழுத்திட்ட படிவம், காரணம், எடிட்டரின் ஒப்புதல் என்று இழுக்கும். ஏற்பு வந்தபின் திடீரென்று புதுப் பெயர் சேர்ந்தால், காசுக்குப் பெயர் விற்கப்பட்டிருக்குமோ என்று எடிட்டர்கள் சந்தேகப்படுகிறார்கள். அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது: 'முதல் பெயர் இவ்வளவு, மூன்றாவது பெயர் இவ்வளவு' என்று விலைப்பட்டியலே டெலிகிராமில் சுற்றுகிறது.

3. அனுமதிக் கடிதங்கள்: பின்தேதியிட்டு வாங்க முடியாது

மனிதர்களிடம் ரத்தம் எடுத்தாலும் சரி, கேள்வித்தாள் கொடுத்தாலும் சரி, உங்கள் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி வேலை ஆரம்பிக்குமுன் வேண்டும். இதழில் அந்த அனுமதி எண்ணையும் தேதியையும் எழுதச் சொல்வார்கள். தரவு எடுத்த தேதி அனுமதித் தேதிக்கு முந்தி இருந்தால் அங்கேயே கதை முடிந்தது. குழு தினமும் கூடாது. சில இடங்களில் மாதம் ஒருமுறை, சில இடங்களில் காலாண்டுக்கு ஒருமுறை. ஒரு திருத்தம் கேட்டால் அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டும். மூன்று மாதம் ஒதுக்கி வையுங்கள். பள்ளிக் குழந்தைகள் என்றால் தலைமையாசிரியர் அனுமதி மட்டும் போதாது, பெற்றோர் சம்மதமும் தேவை. விலங்குகளுக்குத் தனிக் குழு. மருந்து, சிகிச்சை சோதனை என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முதல் நோயாளியைச் சேர்க்குமுன் பதிவு செய்திருக்க வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம். பதிவுக்குக் கட்டணம் கிடையாது.

நான் தண்ணீர்தானே என்று அலட்சியமாக இருந்தேன். ஆனால் கிணற்றுக்காரர்களிடம் 'வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கல் உண்டா?' என்று ஒரு கேள்வியும் சேர்த்துக் கேட்டிருந்தேன். அனுமதி வாங்கவில்லை. அந்தப் பகுதி முழுவதையும் கட்டுரையிலிருந்து எடுத்துவிட வேண்டியிருந்தது.

4. தரவை அப்படியே வைத்திருங்கள், பதினேழாம் கிணறு உட்பட

என் 40 கிணறுகளில் பெரும்பாலானவற்றில் கரைந்துள்ள மொத்த உப்பு லிட்டருக்கு 600 முதல் 900 மில்லிகிராம். பதினேழாம் எண் மட்டும் 2,140. குடிநீருக்கான இந்தியத் தரம், வேறு நீர் கிடைக்காவிட்டால்கூட 2,000 வரைதான் அனுமதிக்கிறது. கிராஃபில் அந்த ஒற்றைப் புள்ளி மட்டும் மேலே தொங்கிக்கொண்டு அசிங்கமாக இருந்தது. 'அதை எடுத்துட்டா ஆர் ஸ்கொயர் நல்லா வரும்' என்றார் ஒரு சீனியர்; கோடு தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண் அது. எடுத்தேன், நன்றாகத்தான் வந்தது. இரண்டு நாள் அப்படியே வைத்திருந்துவிட்டுத் திரும்பச் சேர்த்தேன்.

இரண்டாவது முறை, நல்ல இதழில், மதிப்பாய்வாளர் கேட்ட முதல் கேள்வியே அந்தப் புள்ளியைப் பற்றித்தான். களக் குறிப்பேட்டைப் புரட்டினேன். பென்சிலில், வியர்வை பட்டு மங்கிய எழுத்தில்: 'கி.17, பக்கத்துல பழைய சாயப்பட்டறை, மூடிட்டாங்க.' அந்த ஒரு வரி கட்டுரையின் விவாதப் பகுதிக்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்தது.

விலகி நிற்கும் எண்ணை எடுக்கக் கூடாது என்றில்லை. கருவி பழுது, மாதிரி கெட்டுப்போனது என்று காரணம் இருந்தால் எடுக்கலாம். எடுத்ததைக் கட்டுரையில் சொல்ல வேண்டும். சொல்லாமல் எடுத்தால் அது தரவைத் திரிப்பது. குறிப்பேடு, கருவி கொடுத்த மூலக் கோப்பு, எடிட் செய்யாத படங்கள் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் சேமியுங்கள். வெளியாகிப் பல வருடம் கழித்தும் இதழ் கேட்கலாம்.

5. எழுத்துத் திருட்டுச் சோதனை: சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள்

யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி பத்து சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. தீசிஸில் 10-க்கு மேல் 40 வரை இருந்தால் திருத்திக் கொடுக்க அதிகபட்சம் ஆறு மாதம். 40-க்கு மேல் 60 வரை இருந்தால் ஒரு வருடம் திருத்தியும் கொடுக்க முடியாது. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து. மேற்கோள்கள், நூற்பட்டியல், நன்றியுரை, வழக்கமான சமன்பாடுகள் கணக்கில் வராது. தற்செயலாக ஒத்துப்போகும் சொற்றொடர் தொடர்ந்து 14 சொற்கள் வரை விலக்கு.

ஆனால் இது கல்லூரியின் கணக்கு. இதழ் எடிட்டர் மொத்த எண்ணைவிட, ஒரே மூலத்திலிருந்து எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்ப்பார். இருபது கட்டுரைகளிலிருந்து அரை அரை சதவீதம் ஒத்துப்போனால் கவலை இல்லை. ஒரே கட்டுரையிலிருந்து எட்டு சதவீதம் என்றால், பத்துக்குள் இருந்தாலும், நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

இங்கே மூன்று பொறிகள் உண்டு.

சோதனை மென்பொருளில் 'சேமிக்க வேண்டாம்' என்ற தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரி நூலகத்தில் வரைவைச் சேமித்துவிட்டால், அடுத்த முறை உங்கள் கட்டுரை உங்கள் கட்டுரையோடே 96 சதவீதம் ஒத்துப்போகும். நூலகரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, வார்த்தை மாற்றும் மென்பொருள்கள். இவை 'பிரெஸ்ட் கேன்சர்' என்பதை 'புஸம் பெரில்' (மார்பு ஆபத்து) என்று மாற்றும்; 'ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' (போலி உணர்வு) ஆகிவிடும். சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இப்படிச் சித்திரவதைப்பட்ட சொற்றொடர்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே 2021 முதல் ஒரு ஆய்வாளர் குழு வேலை செய்கிறது; பிடிபட்ட கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டிருக்கின்றன. சதவீதம் குறையும், பெயர் போகும்.

மூன்றாவது சாட்ஜிபிடி வகையறா. அதைக் கட்டுரையாளராகப் போட முடியாது என்று, வெளியீட்டு நெறிகளுக்கான கோப் அமைப்பு 2023-லேயே சொல்லிவிட்டது. ஆங்கிலம் திருத்தப் பயன்படுத்தினால், எங்கே எதற்கு என்று அறிவிக்கச் சொல்லும் இதழ்கள் அதிகம். இதழின் விதியைப் பார்த்து அதன்படி எழுதுங்கள். மேற்கோள் நூல்களை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரையை, இருக்கும் பேராசிரியர் பெயரில், நம்பும்படியான பக்க எண்ணோடு உருவாக்கித் தரும். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றின் டி.ஓ.ஐ. எண்ணையும் (இணையத்தில் ஒரு கட்டுரைக்கான நிரந்தர அடையாள எண்) கையால் தட்டித் திறந்து பாருங்கள். அறுபது மேற்கோளுக்கு எனக்கு ஒரு மதியம் ஆனது.

6. இதழைத் தேர்ந்தெடுப்பது: ஒரு மணி நேரச் சோதனை

நான் மாட்டியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஐ.எஸ்.எஸ்.என். இருந்தால் நல்ல இதழ் என்று நினைத்திருந்தேன். அது வண்டி நம்பர் மாதிரி. எட்டு இலக்கம், இந்தியாவில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'இம்பாக்ட் ஃபேக்டர் 7.8' என்று தளத்தில் பெரிதாகப் போட்டிருந்தால் யார் கொடுத்தது என்று கேளுங்கள். ஒரு இதழின் கட்டுரைகளுக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் கிடைக்கிறது என்று சொல்லும் அந்த அசல் எண்ணைக் கணக்கிடுவது கிளாரிவேட் நிறுவனம். 'குளோபல்', 'யுனிவர்சல்' என்ற முன்னொட்டோடு வருபவை பெரும்பாலும் காசு கொடுத்தால் கிடைக்கும் எண்கள்.

ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தின் பட்டியலைச் சந்தா இல்லாமலே பார்க்கலாம். மூலங்கள் பக்கத்தில் இதழின் பெயரைப் போடாமல் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பெயர்கள் ஒன்றுபோல் இருக்கும், எண் வேறுபடும். பிறகு எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்ற வரியைப் பாருங்கள். 'நிறுத்தப்பட்டது' என்று சின்ன எழுத்தில் இருக்கும். காசுக்குக் கட்டுரை போட்டுத் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட் உங்களுக்கு அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் அந்த வரி வெட்டப்பட்டிருக்கும். எனக்கு வந்ததில் வெட்டப்பட்டிருந்தது. இன்னொரு தரவுத்தளமான வெப் ஆஃப் சயின்ஸுக்கு கிளாரிவேட்டின் மாஸ்டர் ஜர்னல் லிஸ்ட், அதுவும் இலவசம். எல்லோரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ் என்றால் டி.ஓ.ஏ.ஜே. அடைவில் தேடுங்கள், கட்டணமே இல்லாத இதழ்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதியும் அங்கே உண்டு.

இதழ் அசல்தான், ஆனால் நீங்கள் இருக்கும் தளம் அசலா? இதற்கு ஒரு எளிய வழி: அந்த இதழில் நாலைந்து வருடம் முன்பு வந்த கட்டுரை ஒன்றைக் கூகுள் ஸ்காலரில் தேடி, அதன் டி.ஓ.ஐ. எண்ணை டி.ஓ.ஐ. தளத்தில் போடுங்கள். அது எந்த முகவரிக்குக் கொண்டு போகிறதோ அதுதான் பெரும்பாலும் அசல் வீடு. நீங்கள் இருக்கும் முகவரி வேறு என்றால் வெளியே வந்துவிடுங்கள். கடத்தப்பட்ட இதழ்களின் பட்டியல் ஒன்றை ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் கண்காணிக்கும் தளம் வைத்திருக்கிறது. அதையும் ஒரு முறை பாருங்கள். என் இதழ் அதில் இருந்தது. மூன்று நிமிட வேலை, நான் செய்யவில்லை.

எடிட்டர் குழுவில் இருவரின் பெயரை எடுத்து, அவர்களின் பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழ் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைசி இதழில் உள்ள ஐந்து கட்டுரைகளின் தலைப்பைப் படியுங்கள். நிலத்தடி நீர், வங்கிக் கடன், சங்க இலக்கியம், கோழி வளர்ப்பு எல்லாம் ஒரே இதழில் இருந்தால் அது சந்தைக்கடை. அனுப்பிய தேதியும் ஏற்ற தேதியும் கட்டுரையின் அடியில் இருக்கும். இடைவெளி நாலு நாள் என்றால் யாரும் படிக்கவில்லை.

பெரிய பெயர் என்பதும் முழுக் காப்பு இல்லை. வைலி பதிப்பகத்தின் கையில் இருந்த ஹிந்தாவி இதழ்களிலிருந்து 2023-ல் மட்டும் 8,000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன; காசுக்குப் போலிக் கட்டுரை தயாரிக்கும் கட்டுரை ஆலைகள் சிறப்பிதழ்கள் வழியாக நுழைந்ததுதான் காரணம். சிறப்பிதழ் அழைப்பு வந்தால் விருந்தினர் எடிட்டர் யார் என்று தேடிப் பாருங்கள்.

7. அனுப்பும் நாள்: என்னென்ன கையில் இருக்க வேண்டும்

எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். இல்லாவிட்டால் தளம் பாதியில் வெளியே தள்ளிவிடும்.

– கட்டுரையாளர் பெயர் இல்லாத பிரதி, பெயர் உள்ள முகப்புப் பக்கம் தனியாக
– எடிட்டருக்கான கடிதம், ஒரு பக்கம்
– எல்லோரின் ஆர்கிட் எண் (ஆய்வாளருக்கான அடையாள எண்; இலவசம், பதினாறு இலக்கம், பத்து நிமிட வேலை)
– பங்களிப்புப் பட்டியல், நிதி விவரம், நலன் முரண் அறிவிப்பு
– நெறிமுறைக் குழு அனுமதி எண், தரவு எங்கே கிடைக்கும் என்ற வரி
– பிறர் படத்தைப் பயன்படுத்தியிருந்தால் எழுத்துமூல அனுமதி

வரைபடம் இருந்தால் இந்திய எல்லைக்கோடு சர்வே ஆஃப் இந்தியாவின்படி இருக்க வேண்டும். இணையத்தில் கிடைத்த படத்தைப் போட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மதிப்பாய்வாளர்களைப் பரிந்துரைக்கச் சொன்னால், உங்கள் கைடோடு சேர்ந்து எழுதியவர், அதே கல்லூரிக்காரர், நண்பர் யாரும் வேண்டாம். ஜிமெயில் முகவரி கொடுக்காதீர்கள், நிறுவன முகவரியைத் தேடிக் கொடுங்கள். பொய் முகவரி உருவாக்கித் தாங்களே தங்கள் கட்டுரையை மதிப்பிட்ட கூத்துக்கள் நடந்து, 2015-ல் பயோமெட் சென்ட்ரல் ஒரே வீச்சில் 43 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. ஏஜென்டிடம் கொடுத்தால் உங்களுக்குத் தெரியாமலே உங்கள் பெயரில் இது நடக்கும். பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

முக்கியமாக, ஒரே நேரத்தில் ஒரே இதழ். இரண்டு இதழுக்கு அனுப்பி எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்பது இங்கே குற்றம். இரண்டு இதழும் ஒரே மதிப்பாய்வாளரிடம் அனுப்பி அவர் கண்டுபிடித்துவிடுவதும் நடக்கிற விஷயம்தான், துறை அவ்வளவு சின்னது.

8. காத்திருப்பும் திருத்தமும்

எடிட்டர் மேசையிலேயே நிராகரித்தால் சில நாளிலிருந்து நாலு வாரத்துக்குள் தெரியும். ரிவியூவுக்குப் போனால் இரண்டு முதல் ஆறு மாதம். திருத்த ஒன்று முதல் மூன்று மாதம் கொடுப்பார்கள், பிறகு மறுபடி ரிவியூ. மொத்தம் ஒரு வருடம் என்று கணக்குப் போட்டு தீசிஸ் சுருக்கமான சினாப்சிஸ் கொடுக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். போலிகளிடம் ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கணக்கைப் போடாதவர்கள். நானும்தான். மூன்று மாதம் தாண்டினால் ஒரு மரியாதையான மெயில் போடலாம், தவறில்லை.

பதிலில் ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே ஒட்டி, அதன் கீழ் உங்கள் பதில், எந்த வரியில் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். ஒத்துக்கொள்ள முடியாததை ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, காரணம் சொல்லுங்கள். ஒரு மதிப்பாய்வாளர் தன் கட்டுரைகள் ஆறை மேற்கோள் காட்டச் சொன்னார் என்று வையுங்கள். படித்துப் பாருங்கள். பொருந்துவதை மட்டும் சேர்த்து, மற்றவை ஏன் பொருந்தவில்லை என்று எடிட்டருக்குத் தனிக் குறிப்பாக எழுதலாம். எடிட்டர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

9. பணம்

ஒரு விஷயம் எனக்கு யாருமே சொல்லவில்லை: சந்தா முறையில் நடக்கும் நல்ல இதழ்கள் பெரும்பாலானவற்றில் வெளியிட எழுதியவர் எதுவும் கட்ட வேண்டாம். ஸ்கோபஸ் என்றாலே காசு என்று நம் வளாகங்களில் ஊறிப்போயிருக்கிறது.

பொறி ஏற்பு வந்த பிறகுதான் இருக்கிறது. கலப்பு முறை இதழ்களில் ஏற்பு மெயிலோடு ஒரு படிவம் வரும்: திறந்த அணுக்கமா, சந்தாவா? 'உங்கள் கட்டுரையை எல்லோரும் படிக்க' என்று முதல் பொத்தான் பளிச்சென்று இருக்கும். அவசரத்தில் அதை அழுத்தினால் 2,000, 3,000 டாலருக்குப் பில் வரும். இரண்டாவது தெரிவில் கட்டணம் இல்லை. அச்சில் வண்ணப் படம் வேண்டுமா என்றும் கேட்பார்கள். இணையத்தில் மட்டும் வண்ணம் என்று கொடுங்கள்.

முழுத் திறந்த அணுக்க இதழுக்குத்தான் போகிறீர்கள் என்றால் கட்டணத்தை அனுப்புமுன்பே பார்த்துவிடுங்கள். பெரிய பதிப்பகங்களில் 1,000 முதல் 3,000 டாலர் சாதாரணம். கலப்பு முறையில் நடக்கும் நேச்சரில் திறந்த அணுக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் 10,000 டாலருக்கு மேல். கட்டணச் சலுகையை அனுப்பும்போதே கேளுங்கள், ஏற்புக்குப் பின் கேட்டால் பெரும்பாலும் தர மாட்டார்கள். தானாகச் சலுகை கிடைக்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா பொதுவாக இல்லை, எனவே காரணம் எழுதிக் கேட்க வேண்டும். பொருளியல், நிதித் துறைகளில் சில நல்ல இதழ்கள் அனுப்பும்போதே கட்டணம் வாங்கும். அதற்கு முறையான ரசீது உண்டு. தனிநபர் பெயரில் ஜி-பே எண் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

10. ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்கள் என்றால்

பணம் கட்டவில்லை, காப்புரிமைப் படிவம் கையெழுத்திடவில்லை என்றால் தப்பிக்கலாம். 'கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், வெளியிட அனுமதி இல்லை' என்று தெளிவாக மெயில் அனுப்பி, அதைச் சேமியுங்கள். திரும்பப் பெறவும் கட்டணம் கேட்பார்கள். என்னிடம் 9,000 கேட்டார்கள். கட்டாதீர்கள்; கட்டினாலும் எடுப்பதில்லை. பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு உடனே சொல்லுங்கள், நாள் கடந்தால் பயன் குறைவு. கைடிடம் மறைக்காதீர்கள். நான் நாலு மாதம் மறைத்தேன். சொன்ன அன்று அவர் திட்டவில்லை, 'எவ்வளவு கட்டினே?' என்று மட்டும் கேட்டார்.

என் கட்டுரையை அவர்கள் எடுக்கவே இல்லை. வெளியான கட்டுரையை அப்படியே வேறு இதழுக்கு அனுப்ப முடியாது. அதனால் மழைக்குப் பிறகு மறுபடி 40 கிணற்றுக்கும் போனேன். இரண்டு பருவத் தரவையும் வைத்துப் புதிதாக எழுதி, எடிட்டருக்கான கடிதத்தில் நடந்ததை ஐந்து வரியில் சொல்லி, பழைய கட்டுரையின் இணைப்பையும் கொடுத்தேன். அனுப்பியது ஆகஸ்ட், முதல் பதில் டிசம்பர், ஏற்பு மார்ச். கட்டணம் எதுவும் இல்லை.

வெளியான மூன்றாம் வாரம் அட்டவணையில் இரண்டு கிணறுகளின் தீர்க்கரேகை இடம் மாறியிருப்பதைப் பார்த்தேன். 'எதுக்கும்மா வம்பு, யாரு பாக்கப் போறா' என்றார்கள் லேபில். எடிட்டருக்கு எழுதினேன். முடிவு மாறாத பிழை என்பதால் திருத்தக் குறிப்பு போதும் என்றார். ஆறு வாரத்தில் வந்தது, அதற்கும் தனி டி.ஓ.ஐ. உண்டு. இப்போது என் பெயரைத் தேடினால் அந்தக் குறிப்புதான் முதலில் வருகிறது.